வகுப்பு மறுபடி கூடும்போது: பழைய போட்டோ, பள்ளிப் பதிவேடு, ஒரு கனவுச் சீட்டு

பிளஸ் டூ முடித்து முப்பது, முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு வகுப்பு கூடினால், முதல் அரை மணி நேரம் தலைமுடிக்கும் தொப்பைக்கும் போய்விடும். அடுத்த ஒரு மணி நேரம் யார் பிள்ளை எங்கே வேலை பார்க்கிறது என்பதற்கு. அதற்குள் இலை போட்டுவிட்டார்கள் என்று கூப்பிடுவார்கள். "அன்னைக்கு என்ன ஆகணும்னு நெனச்ச, என்ன ஆன, இனிமே என்ன?" என்ற பேச்சு யார் வாயிலும் வராமலேயே வேன் கிளம்பிவிடும். வந்தாலும் மைக்கில் வரும். மைக்கில் யார் உண்மை பேசுகிறார்கள்?

சேலத்திலும் ஏற்காட்டிலும் இப்படிப்பட்ட கூடல்களுக்கு நாற்காலி எண்ணி, பட்டியல் எழுதி, கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்வது இதுதான்: அந்தப் பேச்சு நடக்க வேண்டுமானால் ஞாபகத்தை நம்பாதீர்கள், காகிதத்தை நம்புங்கள். ஐம்பது வயதில் ஞாபகம் தனக்கு வசதியானதைத்தான் எடுத்துக் கொடுக்கும். எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள், எல்லாருக்கும் அரை மார்க்கில் சீட் போனது, எல்லா அப்பாக்களும் பிடிவாதக்காரர்கள். காகிதத்தைப் பார்த்தால் கதை வேறாக இருக்கும்.

முதலில் போட்டோ. அந்தக் காலத்துக் குரூப் போட்டோ கெட்டி அட்டையில் ஒட்டி, கீழே "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று பெயர்களோடு வந்திருக்கும். யாராவது ஒருவர் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்க முயலாதீர்கள்; இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனில் எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் விழுந்தால், போன் லென்ஸ் மட்டும் தெரிகிற மாதிரி ஓட்டை போட்ட கறுப்புத் துணியை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அதை ஏ3 அளவில் பிரின்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் கொடுத்து, வாட்ஸ்ஆப்பில் விடுங்கள். "23 யாரு?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் மூன்று பதில் வரும், மூன்றும் வேறு வேறாக இருக்கும். இரண்டு பேராவது ஒரே பெயரைச் சொல்கிறவரை பேனாவில் எழுத வேண்டாம்.

போட்டோவை மட்டும் வைத்துப் பட்டியல் போடுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. போட்டோவுக்குக் காசு கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டிருக்கும். ஆக, படத்தில் இல்லாதவர்கள்தான் வகுப்பிலேயே அதிகக் கஷ்டப்பட்டவர்கள். அவர்களை விட்டுவிட்டுக் கூடினால், "நம்ம வகுப்பு நல்லா வந்திருக்கு" என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்?

அதனால் இரண்டாவது காகிதம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. அட்மிஷன் ரெஜிஸ்டர் என்று சொன்னால்தான் ஆபீஸ் அறையில் சட்டென்று புரியும். பள்ளி இருக்கிறவரை இருக்க வேண்டிய பதிவேடு அது. பீரோவின் அடித்தட்டில், சிவப்புத் துணி முதுகோடு, ஓரம் கரையான் அரித்து இருக்கும். தலைமையாசிரியருக்கு எழுத்து மூலமாக ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். மார்ச், ஏப்ரலில் போகாதீர்கள், பொதுத்தேர்வு. மே, ஜூனிலும் வேண்டாம், அட்மிஷனும் டி.சி.யும் நடக்கிற நேரம். ஆகஸ்ட்டில் போனால் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துக் காட்டுவார்கள்.

பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு வரிதான் இருக்கும். சேர்ந்த தேதி, சேர்ந்த வகுப்பு, பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, விலகிய தேதி, விலகிய வகுப்பு, காரணம். எழுதிக்கொள்ள வேண்டியது பெயர், இனிஷியல், விலகிய வகுப்பு ஆகிய மூன்று மட்டுமே. பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடவே கூடாது. யார் என்ன சாதி, யார் அப்பா என்ன வேலை என்பது நாற்பது வருடம் கழித்து இருநூறு போன்களில் சுற்ற வேண்டிய விஷயமல்ல. ஒரு படம் வெளியே போனால் சில பேர் சொல்லாமல் கொள்ளாமல் குழுவை விட்டு வெளியேறிவிடுவார்கள். அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

எந்த வகுப்பிலிருந்து பட்டியலைத் தொடங்குவது? பிளஸ் டூவிலிருந்து தொடங்குவது வழக்கம். சேலத்துக்கு அது சரிப்படாது. எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறிக்குப் போனவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போனவர்கள், ஜவ்வரிசி ஆலைக்குப் போனவர்கள் எட்டிலும் ஒன்பதிலும் நின்றவர்கள். "விலகிய காரணம்" என்ற கட்டத்தில் பெரும்பாலும் "நீண்ட நாள் வரவில்லை" என்று இருக்கும். அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் பதினான்கு வயதில் பற்றவைப்பு ஊதுகுழலைப் பிடித்த ஒரு கை இருக்கிறது. இன்றைக்கு அவர் சொந்தப் பட்டறை வைத்திருக்கலாம், கண் பார்வை மங்கி வீட்டில் இருக்கலாம். இரண்டுமே தெரிந்தால்தான் வகுப்பு என்ன ஆயிற்று என்று தெரியும். வயதில் இன்னும் மூத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-இல், முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல். அதற்கு முந்தையவர்கள் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யு.சி. என்ற ஒரு வருடப் புகுமுக வகுப்புக்குக் கல்லூரிக்குப் போனவர்கள். அவர்களுடைய பட்டியல் அங்கே இரண்டாகப் பிரியும்.

ஆண்களைத் தேடுவது எளிது. கல்யாணம் ஆகி இனிஷியலும் ஊரும் மாறிப்போன பெண்களைத் தேடுவதுதான் வேலை. ஃபேஸ்புக்கில் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. அப்பா பெயரையும் தெருவையும் வைத்துக்கொண்டு அந்தத் தெரு ரேஷன் கடையிலும் பழைய மளிகைக் கடையிலும் கேளுங்கள். "அந்த வீடா, வித்துட்டாங்களே, தம்பி ஓமலூர்ல இருக்கான்" என்று நூல் கிடைக்கும். முதல் போனை ஒரு பெண்தான் செய்ய வேண்டும். ஆண் கூப்பிட்டால், போனை எடுப்பது கணவரா மருமகளா என்று பார்த்துப் பேச வேண்டியிருக்கும், அழைப்பே முளையிலேயே நின்றுவிடும். இறந்தவர்கள் விவரத்தைக் குழுவில் கேட்காதீர்கள். இருவர் தனியாக விசாரித்து உறுதி செய்த பிறகே பெயரைச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறவருக்கு அஞ்சலி போட்ட வகுப்புகள் உண்டு.

மூன்றாவது காகிதம் அவரவர் வீட்டில் இருக்கிறது: மதிப்பெண் சான்றிதழும் டி.சி.யும். இதை எடுத்துப் பார்க்கச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். எடுத்த பிறகு சிரிப்பு அடங்கும். "கெமிஸ்ட்ரில நூத்தி எண்பது" என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் சொல்லி வந்தவர் காகிதத்தில் 138-ஐப் பார்ப்பார். பிறந்த தேதியைப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்ததாக இருக்கும். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாத்தியார் போட்ட தேதி அது. அரசு வேலையில் இருப்பவர்களின் ஓய்வு நாளும் அந்தத் தேதியில்தான் தொங்குகிறது. அதைத் திருத்த வேண்டுமானால் வேலையில் சேர்ந்த 5 வருடத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2021-இல் 60 ஆனது. "இனிமே எத்தனை வருஷம் இருக்கு" என்று கணக்குப் போடும்போது எந்தப் பிறந்த நாளை வைத்துப் போடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்: உடம்புக்கு அம்மா சொன்ன தேதி, பணத்துக்கு வாத்தியார் போட்ட தேதி.

சான்றிதழ் தொலைந்திருந்தால் இரண்டாம்படி வாங்கலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம்தான் கொடுக்கும். விண்ணப்பத்துக்குத் தேர்வு எழுதிய மாதம், வருடம், பதிவெண் வேண்டும். மார்ச்சா, செப்டம்பர்–அக்டோபர் தேர்வா என்பதை மறந்தவர்கள் அங்கேதான் சிக்கிக்கொள்வார்கள். பள்ளியில் உள்ள மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

இனி நாளும் இடமும். மே மாதத்தில் ஏற்காட்டில் கூடலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் அந்த மாதத்தில்தான். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நின்று நின்று போகும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊரே அதில் இருக்கும். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் தறிக்காரருக்கும் கொலுசுக்காரருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. எங்கள் கணிப்பில் தீபாவளி கழிந்த இரண்டாம் ஞாயிறு, இல்லாவிட்டால் பொங்கலுக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ. வெளியூர்க்காரர்கள் ஊரில் இருப்பது அப்போதுதான்.

ஒரே நாளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காலை 9 முதல் 12 வரை பள்ளியில், ஆசிரியர்களோடு. அவர்கள் எழுபத்தைந்து, எண்பது வயதில் இருப்பவர்கள். மலைக்கு ஏற்ற வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலி, தரைத்தளத்தில் மேலைநாட்டுக் கழிப்பறை, வீட்டிலிருந்து கூட்டி வந்து கொண்டுபோய் விட ஒருவருக்கு ஒரு ஆள், இந்த மூன்றும் சால்வையைவிட முக்கியம். சர்க்கரை உள்ளவர்கள் 11 மணிக்கு மேல் பசி தாங்கமாட்டார்கள். பேச்சாளர் பட்டியல் நீண்டால் அவர்கள் தலை சுற்றி உட்காருவார்கள். அறுபது பேருக்கு ஒரு சுற்று காபி என்றால் பால் 6 லிட்டர், தூள் 600 கிராம். தட்டைகளுக்கு நடுவில் காய் வைத்து அடுக்கும் தட்டுவடை செட்டை ஆளுக்கு நாலு என்று 240 சொல்லுங்கள். பீட்ரூட்டும் கேரட்டும் சீவி வைத்து, கேட்கும்போது அடுக்கிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்; முன்கூட்டியே அடுக்கி வைத்தால் தட்டை நமத்து அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

மதியத்துக்கு மேல், விருப்பமுள்ளவர்கள் மட்டும் மலைக்கு. அடிவாரம் தாண்டினால் வளைவுகள் தொடங்கும். வயிற்றைக் கலக்கும் ஆட்கள் வேனின் முன்சீட்டில் உட்காரட்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே ஏறட்டும். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதும், இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவதும் மலைப்பாதை வழக்கம். பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி மலைக்குள் கருகல் வாடை வந்துவிடும். வாடை வந்தால் நிறுத்திச் சக்கரம் ஆறும்வரை காத்திருங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். நவம்பர், டிசம்பரில் மாலை ஐந்தரைக்கே பனிமூட்டம் இறங்கும். பாறை சரிந்து பாதை அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறது. ஓட்டுநருக்கு அந்தப் பாதை பழக்கமா என்று முன்பே கேளுங்கள்.

மலையில் எதற்கு? பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லாமல், மைக் இல்லாமல் உட்காருவதற்கு. அங்கேதான் கனவுச் சீட்டு.

சீட்டை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும், வீட்டில் தனியாக எழுதி எடுத்து வரச் சொல்ல வேண்டும். அங்கேயே எழுதச் சொன்னால் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுவார்கள். பள்ளிப் பழக்கம் போகாது. ஐந்து கேள்வி போதும். பதினேழு வயதில் என்ன ஆக நினைத்தேன், ஒரே சொல்லில். அந்த வேலையில் இருப்பவர் காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்று மனதில் படம் வைத்திருந்தேன்? அதை விட்டது எந்த வருடம், அன்றைக்கு வீட்டில் பணம், உடம்பு, மார்க் மூன்றும் எப்படி இருந்தன? அதற்குப் பதிலாகச் செய்த வேலையில் ஒரு நாளில் எந்த மணி நேரம் பிடித்திருந்தது? இந்த வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எனக்கு அரை மணி நேரம் இருக்கிறது?

எங்கள் அனுபவத்தில் இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. "டாக்டர்" என்று எழுதியவர்கள் பலரிடம் பத்து மணிக்கு டாக்டர் என்ன செய்வார் என்ற படமே இருந்திருக்காது. வெள்ளைக் கோட்டும், அப்பா எழுந்து நிற்பதும்தான் இருந்திருக்கும். அப்படியானால் அது வேலை மீதான ஆசையல்ல, மரியாதை மீதான ஆசை. அந்த மரியாதை வேறு வழியில் வந்திருந்தால் அந்தச் சீட்டை அங்கேயே மடித்துவிடலாம். மாறாக ஒருவர் "அம்மாவுக்குக் கட்டுப் போட்டதை மாதிரி புண்ணுக்குக் கட்டுப் போடுவது" என்று எழுதினால், அது கையால் செய்யும் வேலை மீதான ஆசை. முதலுதவிப் பயிற்சியிலும் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் சேவையிலும் இன்றைக்கும் அதற்கு இடம் இருக்கிறது. பட்டத்தின் பெயர் ஐம்பதில் கிடைக்காது. அந்தப் பத்து மணி வேலை பல சமயம் கிடைக்கும்.

மூன்றாவது கேள்விக்கு வருடத்தை எழுதுவது ஏன் முக்கியம் என்றால், தன்மேலும் அப்பாமேலும் போட்ட பழியில் பாதி காலத்தின் பழி. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 1986-இல். தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு 1984-இல் வந்து 2006 வரை இருந்தது. தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறந்ததும் எண்பதுகளின் நடுவில்தான். அவற்றின் கட்டணம் தறி வீட்டுக் கணக்குக்குள் வராது. சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது பாதி வகுப்பின் கனவு அதன் கேட்டுக்குள் நுழைவதாக இருந்தது. ஒரு ஆலை எத்தனை பேரை எடுக்கும்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே நாற்பதைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். பெண்களின் சீட்டில் காரணம் இன்னும் சிறியதாக இருக்கும்: "கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்." அதைப் படித்துவிட்டு யாரும் சிரிக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறு ஆறு பேராக இரண்டு வட்டம். ஒருவருக்கு 12 நிமிடம்: ஐந்து நிமிடம் அவர் சீட்டைப் படிப்பது, ஏழு நிமிடம் மற்றவர்கள் கேட்பது. அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும். ஆறு பேருக்கு 72 நிமிடம் ஆகும். மூன்றாவது ஆளின்போது யாராவது கண் கலங்குவார், உடனே ஒருவர் ஜோக் அடிப்பார். அந்த ஜோக் அடிக்கிற ஆளைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அவரையே நேரம் பார்க்கிற வேலைக்குப் போடுங்கள்.

பேசி முடித்ததும் சீட்டின் மூலையில் அவரே ஒரு குறி போட வேண்டும்: முடிந்தது, வேறு உருவில் நடந்தது, உயிரோடு இருக்கிறது. பெரும்பாலான சீட்டுகள் முதல் இரண்டில் விழும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. "முடிந்தது" என்று கையால் எழுதியதும் தோள் இறங்குவது எதிரில் இருப்பவருக்கே தெரியும்.

உயிரோடு இருப்பவற்றுக்குத்தான் கணக்கு வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி என்றால் வருடத்துக்குச் சுமார் 180 மணி. அதற்குள் எது அடங்கும், எது அடங்காது என்று பார்க்க வேண்டும்.

விட்ட படிப்பு அடங்கும். பத்தாவதோடு நின்றவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிளஸ் டூ எழுதலாம். வயது உச்சவரம்பு கிடையாது, 5 வருடத்தில் 9 வாய்ப்பு. பட்டத்துக்கு, 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 1985-இல் தொடங்கிய இக்னோவும் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்கின்றன. இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். இங்கே தடுக்கி விழுவது பாடத்தில் அல்ல. ஒன்று, அசைன்மென்ட், பெரும்பாலான பாடங்களில் அதற்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70. தேர்வை நன்றாக எழுதிவிட்டு அசைன்மென்ட் கொடுக்காமல் தேங்கி நிற்பவர்கள் அதிகம். இன்னொன்று, கை. முப்பது வருடமாகக் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் எழுதாத கை மூன்று மணி நேரம் எழுதாது. இரண்டாம் மணியில் கட்டைவிரல் அடி வலிக்கும். முதல் மாதம் தினம் ஒரு பக்கம், அடுத்த மாதம் ஒரே மூச்சில் மூன்று பக்கம் என்று பழகுங்கள். படிக்கிற கண்ணாடியின் பவரையும் சரிபார்த்துவிடுங்கள்.

இசை, பாதி அடங்கும். மாவட்ட அரசு இசைப்பள்ளி சேலத்தில் உண்டு, ஆனால் அங்கே சேர வயது வரம்பு 12 முதல் 25. ஐம்பதில் தனி ஆசிரியர்தான். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சரளி வரிசை பாட வெட்கப்படாதவர்கள் மட்டும் நீடிக்கிறார்கள்.

இனி, சேலத்துக்காரர்களின் சீட்டில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று: ஓய்வுப் பணத்தில் ஏற்காட்டில் ஒரு ஏக்கர் காபித் தோட்டம், ஒரு சின்ன வீடு. இது பள்ளிக் காலத்துக் கனவு மாதிரி தெரியாது. ஆனால் கேட்டுப் பாருங்கள், எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் பார்த்த ஏதோ ஒரு பங்களாவில் போய் நிற்கும். இதில் பணம் போவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஒரு ஏக்கரில் 6 அடிக்கு 6 அடி வைத்தால் 1,200 அரபிகா செடி. நட்டு மூன்று, நான்கு வருடம் கழித்துத்தான் காய்ப்பு. மார்ச், ஏப்ரலில் பூ மழை விழ வேண்டும். விழாவிட்டால் தண்ணீர் தெளித்தாவது பூக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வருடம் அவ்வளவுதான். பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி தாண்டும், ஒரே நாளில் பழுக்காது, மூன்று நாலு முறை ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். ஆள் கிடைப்பதுதான் மலையில் பெரிய பாடு. புதிதாக வாங்குகிறவர் செய்யும் முதல் காரியம், "வெளிச்சம் வரட்டும்" என்று நிழல் மரத்தை வெட்டுவது. வெயில் பட்ட தண்டில்தான் வெள்ளைத் தண்டு துளைப்பான் முட்டையிடும்; இரண்டாம் வருடம் செடி மஞ்சளாகி, தண்டைச் சுற்றி வளையம் வளையமாகப் புடைக்கும். அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. சவுக்கை மொத்தமாக வெட்டிப் பழகிய சமவெளிக்காரருக்கு, நிழல் மரத்தைக் கவாத்து செய்ய வேண்டும், அதாவது கிளையை மட்டும் கழிக்க வேண்டும், வெட்டக் கூடாது என்பது மண்டையில் ஏற நாளாகும். சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகுக் கொடி பல வருடம் காபியைவிட நன்றாகக் கைகொடுக்கும்.

நிலத்தின் காகிதம் இன்னும் கவனம். முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா மூன்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும். நிபந்தனைப் பட்டா நிலத்தை, அதாவது அரசு நிபந்தனை போட்டு ஒப்படைத்த நிலத்தை, விலை பேசவே கூடாது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பெயரில் உள்ள நிலமாக இருந்தால் வழக்கறிஞர் சொல்லாமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது. ஊராட்சியில் ஒரு ரசீது வாங்கிவிட்டு வீடு எழுப்பிவிட முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும், வாங்கும் முன் ஜூனிலிருந்து நவம்பர் வரை ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். மழையில் துணி காயாது, முட்டி வலிக்கும், நெஞ்சு வலி வந்தால் இருபது வளைவு இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரி. அந்த ஆறு மாதம் தாங்கினால் வாங்குங்கள். தாங்காதவர்களில் பலர், மாதம் ஒரு நாள் பஸ்ஸில் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து வந்தாலே போதும் என்று கண்டுபிடிப்பார்கள். அது மோசமான முடிவல்ல.

கூடலுக்குப் பிறகு நடக்கும் கெடுதல்களையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் குழுவில் ஒருவர் கடன் கேட்பார், ஒருவர் மருந்து மாத்திரை விற்கும் சங்கிலித் திட்டத்துக்கு ஆள் சேர்ப்பார், ஒருவர் அரசியல் போடுவார். மூன்றுக்கும் முதல் நாளே விதி எழுதி ஒட்டிவிட்டால் அப்புறம் யாரையும் தனியாகப் புண்படுத்த வேண்டியதில்லை. உதவி நிதி அறிவிப்பை மேடையில் செய்யாதீர்கள். மேடையில் ஒப்புக்கொண்ட தொகையில் பாதிதான் வரும், கஷ்டத்தில் இருக்கும் நண்பர் பெயர் மட்டும் ஊரெல்லாம் தெரிந்துவிடும். கூடலுக்கான பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்காமல், மூடிய உறையில் அவரவர் இஷ்டம் என்று விடுங்கள். வசதியுள்ளவர்கள் கூடப் போட்டுச் சரிக்கட்டிவிடுவார்கள். பணம் ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம். மூன்று நாளுக்குள் கணக்கைப் போட்டுவிட வேண்டும். நாலாம் நாள் தாண்டினால் பேச்சு கிளம்பும்.

சீட்டுகளை அவரவரே வைத்துக்கொள்ளட்டும், வாங்கி வைக்க வேண்டாம். "உயிரோடு இருக்கிறது" என்று குறி போட்டவர்களுக்கு மட்டும் ஒரு துணை ஆள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போன் செய்து, "அஞ்சாவது கேள்விக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். வேறு எதுவும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, புது குரூப் போட்டோ. வெயில் உச்சிக்கு ஏறும் முன், பத்து மணிக்குள் எடுத்துவிடுங்கள். பதினொன்றரைக்கு எடுத்தால் எல்லார் கண்ணுக்கும் கீழே நிழல் குழி விழும். பழைய படத்தில் நின்ற வரிசையிலேயே நிற்க முயலுங்கள், படத்திலேயே இல்லாதவர்களை நடு வரிசையில் நிறுத்துங்கள். பிரின்ட் போட்டதும் பின்பக்கம் பெயர்களை அன்றைக்கே எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் கோடு எழும்பும். மென்மையான பென்சிலில், லேசாக, நிற்பவர்கள் இடமிருந்து வலம் என்று தொடங்கி, இனிஷியலோடு.